எக்கோ அண்ணாச்சி கேட்ட மாடி ரூம்

தாராவியில் மைக் இல்லாமல் பேசத் தெரியாத ஒரே மனிதர் எக்கோ அண்ணாச்சிதான். எங்கள் மெல்லிசைக் குழுவின் பாடகர். ரிகர்சலில் டீ கேட்பதென்றாலும் மைக்கில்தான் கேட்பார், அதுவும் எக்கோவைக் கூட்டி வைத்து. ஒரு டீ கேட்டால் கடையிலிருந்து நாலு டீ வரும். நாலையும் அவரே குடிப்பார்.

தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து ஆண்டாப் ஹில் வரை, அவர் பாடாத கல்யாணத்தை ஜனங்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அண்ணாச்சி டிராஃபிக்கில் மாட்டிய ஒரு நாள், தாலி கட்டி முடித்த தம்பதியை அவர் வந்து பாடும்வரை தனித்தனியாக உட்கார வைத்திருந்தார்கள்.

எங்கள் டிரம்மர் சாமுவேல் நைஜீரியாவிலிருந்து படிக்க வந்தவன். சர்ச்சில் வாசித்துக்கொண்டிருந்தவனை அண்ணாச்சி அள்ளிக்கொண்டு வந்தார். ஒரு மழைக்காலத்தில் அவன் குடியிருந்த கட்டிடத்தை இடிக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். போனில் சரி சொன்ன வீட்டுக்காரர்கள் எல்லாம் அவன் முகத்தைப் பார்த்ததும், நேற்றே வேறு ஆள் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். முகவரி இல்லாவிட்டால் விசா நீட்டிப்பு இல்லை. மாதக் கடைசியில் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

எங்கள் தெருவில் பால்ராஜ் என்பவர் வீட்டு மாடி ரூம் காலியாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் போனவன், குழுவில் கீபோர்டு வாசிப்பவன் என்ற தெம்பில் நான் போய்ச் சமத்துவம் பற்றி அரைமணி நேரம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டு வடை தந்தார். ரூம் தரவில்லை.

"பையன் நல்லவன்தான் தம்பி. ஆனா ஆளு வேற மாதிரில்லா இருக்கான். அக்கம்பக்கத்துல பயப்படுவாவ."

அண்ணாச்சியிடம் வந்து சொன்னேன். "நீ கட்டுரை வாசிச்சிருப்பே," என்றார், மைக்கில்.

அடுத்த வாரமே பால்ராஜ் மகளின் ரிசப்ஷன். எங்கள் கச்சேரிகளில், விரும்பும் பாட்டைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவது வழக்கம். அண்ணாச்சி அதை வாசித்துவிட்டுப் பாடுவார். அன்று முதல் சீட்டைப் பிரித்தார்.

"விரும்பிக் கேட்பவர், டிரம்மர் சாமுவேல். கேட்பது, பால்ராஜ் வீட்டு மாடி ரூம்... ரூம்... ரூம்..."

பால்ராஜ் மேடையருகே ஓடி வந்தார். "அண்ணாச்சி, மானத்த வாங்காதீரும். பாட்டப் பாடும்."

"பாடுதேன் வே. பம்பாய் வந்த புதுசுல, காலா மதராசின்னு சொல்லி நமக்கு எவன் ரூம் குடுத்தான்? உமக்கும் அவனுக்கும் கலர்ல ஒரு டியூப்லைட்டுதான வே வித்தியாசம்."

இதுவும் எக்கோவோடு கேட்டது. சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஆட்கள் வந்து நின்றார்கள்.

இரண்டாவது சீட்டு, மூன்றாவது சீட்டு, எல்லாவற்றிலும் அதே மாடி ரூம். எல்லாம் அண்ணாச்சியின் கையெழுத்து. பதினோராவது சீட்டைப் பிரித்தவர் சற்று நிதானித்தார். அது அவர் எழுதியதல்ல.

"கேட்பவர்... மணப்பெண்."

பால்ராஜ் தன் மகளைப் பார்த்தார். அவள் அப்பாவைப் பார்க்காமல் மாலையைச் சரிசெய்துகொண்டாள்.

"சரிவே, குடுத்தேன். பாடித் தொலையும்," என்றார் பால்ராஜ்.

சாமுவேல் அன்று வாசித்த வாசிப்பில் மாப்பிள்ளையின் தாத்தாவே எழுந்து ஆடினார். இப்போது அவன் கடைசி வருடம் படிக்கிறான், அதே மாடியில்.

ஆனால் அதற்குப் பிறகு, காலி ரூம் வைத்திருக்கும் வீட்டார் யாரும் அண்ணாச்சியைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதில்லை. அவர் டைரியில் முகூர்த்த நாட்கள் பல வெள்ளையாகக் கிடக்கின்றன. கேட்டால், "தொண்டைக்கு ரெஸ்ட்டுடே," என்கிறார்.

போன வாரம் அந்த டைரியை எடுத்து, தை மாதத்தில் ஒரு தேதியில் என் பெயரை எழுதிவிட்டு வந்தேன். பெண் இனிமேல்தான் பார்க்க வேண்டும்.