ஓனர் மாசிலாமணி ஒழுகும் பொந்துக்குக் குடிபோன கதை

ஒரு காட்டில், வாடகைச் சட்டம் வந்த பிறகும் விழாமல் நின்ற கிழ நாவல் மரம் ஒன்று இருந்தது. அதன் ஓனர் மாசிலாமணி என்கிற மரநாய். உச்சிப் பொந்தில் அவர் இருந்தார். நடுப் பொந்தில் மரங்கொத்தி கனகாம்புஜம் வாடகைக்கு இருந்தாள். மாத வாடகை ஒரு நாவற்பழம். அது அவருடைய பாட்டன் காலத்தில் பேசியது.

மரநாய் மரங்கொத்தியைத் தின்று தொலைத்திருக்கலாமே என்பீர்கள். அவரும் யோசித்தார். ஆனால், 'குடியிருப்பவரைத் தின்றாலும் காலி செய்ததாகாது; வாரிசுக்கு அதே வாடகை' என்று சட்டத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. கனகாம்புஜத்துக்கோ நான்கு குஞ்சுகள்.

அவள் காலையெல்லாம் சுவரைக் கொத்துவாள். சாயங்காலம், சுவரில் ஓட்டை என்று மனு எழுதுவாள். மனுவை விசாரிக்க ஆய்வாளர் ஆமையார் வந்தார். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே ஆளாக வந்து நின்றன.

"மரத்துக்கு வயசென்ன?"

"ஐம்பதுக்குள்ளதான் சார் இருக்கும்," என்றார் மாசிலாமணி. ஐம்பதைத் தாண்டாத மரத்தை அந்தச் சட்டம் தொடாது.

ஆமையார் கழுத்தை நீட்டி மேலே பார்த்தார். 'பாட்டன் மரம். நூறாண்டுப் பாரம்பரியம்' என்று ஒரு பலகை தொங்கியது. மாசிலாமணி தன் கையாலேயே எழுதி மாட்டியது. போன பொங்கலுக்குத்தான் புதுப் பெயின்ட் வேறு அடித்திருந்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்பவர்களைப் பார்த்துச் சிரித்த பேர்வழிதான் அவரும்.

"அப்போ பழைய மரம். வாடகையை ஏத்தக் கூடாது. இடிதாங்கி வைக்கணும், வருஷா வருஷம் உறுதிச் சான்றிதழ் வாங்கணும், ஏற முடியாதவங்களுக்குச் சாய்தளம் போடணும். இல்லேன்னா மரத்துக்கு சீல்."

"சாய்தளம் யாருக்கு சார்? இங்க எல்லாரும் ஏறுவோம், இல்லேன்னா பறப்போம்."

"எனக்கு," என்றார் ஆமையார்.

அந்த வருஷம் காய்த்த பழமெல்லாம் சான்றிதழுக்கும் சாய்தளத்துக்குமே போயிற்று. சொந்த மரத்துப் பழம் ஒன்றைக்கூட மாசிலாமணி வாயில் வைக்கவில்லை. மரத்தை விட்டுப் போகவும் மனம் வரவில்லை. பிறந்தது அங்கேதான். நினைத்தால் அழுகை வந்தது.

"இந்த மரம் மட்டும் எங்கிட்ட இருந்தா, ராணி மாதிரி வெச்சிருப்பேன்," என்றாள் கனகாம்புஜம், வழக்கம்போல.

"அப்போ நீயே வெச்சுக்கம்மா," என்றார் மாசிலாமணி. "எனக்கு உன் நடுப் பொந்து போதும். வாடகை ஒரு பழம். அதே சட்டம்."

ஓனர் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாள். பலகையைக் கழற்றும்போது மட்டும் அவர் அதை இரண்டு தடவை துடைத்தார்.

முதல் மழை பெய்தது. அவள் கொத்திய ஓட்டை வழியாக ஒரு சொட்டு அவர் மூக்கில் விழுந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவர் அனுபவித்ததே இல்லை. தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"ஓனரம்மா! ஒழுகுது!"

"பாட்டன் மரமாச்சே, கொஞ்சமாவது பாசம் இருக்கா உங்களுக்கு?" என்று மேலிருந்து அழாத குறையாகக் கேட்டாள் கனகாம்புஜம்.

"இல்லாம இருக்குமாம்மா? அதனாலதான் காலி பண்ணவே மாட்டேன்," என்றபடி அவர் மனு எழுத உட்கார்ந்தார்.

நீதி: மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான். ஆகவே, மரம் மட்டும் வைத்துவிடாதீர்கள். அதில் வாடகைக்கு இருங்கள்.