வடையும் மண்டப விரிவாக்கமும்

கிருமாம்பாக்கத்துக்கும் பாகூருக்கும் இடையே பொய் புகாத இடங்கள் இரண்டே. ஒன்று, எங்கள் சிவன் கோயில் கருவறை. மற்றொன்று, இலைக்கணக்கரின் வாய்.

கோயில் மண்டபத் திருமணங்களில் எச்சில் இலை எடுப்பது அவர் தொழில். எடுத்தவற்றை எண்ணுவது அவர் தவம். "ஆயிரம் பேர் வந்தார்கள்" என்று பூரித்து நின்ற சம்பந்தி ஒருவரிடம், "நானூத்திப் பன்னெண்டு எலை சார். ஒம்போது பேரு ரெண்டு வாட்டி குந்துனாங்க. அதுல நீங்களும் ஒருத்தரு" என்றார். தம் மகளின் திருமணத்திலேயே அட்சதையைக் கையில் மூடிக்கொண்டு இலை எண்ணப் போய்விட்ட மனிதர் அவர்.

அத்தகையவர் கையில்தான் என் நந்தவனத்தின் விதி சிக்கியது. மண்டபத்தை இரட்டிப்பாக்கினால் நகரத்து நிறுவனங்கள் மாநாடு நடத்த ஓடி வரும் என்று இன்ஜினியர் ஒருவர் கோயில் குழுவுக்கு அறிக்கை தந்தார். அதற்கு வேண்டிய இடம், இறைவனுக்கு நான் நாள்தோறும் பூப்பறிக்கும் நந்தவனம். நானும் குழு உறுப்பினன்தான். ஆயினும் வாய் திறந்தால், "பெரியவருக்கு ஊர விடப் பூதான் பெருசு" என்பார்கள். நந்தியாவட்டையைத் தடவிக்கொடுத்ததோடு சரி.

ஒரு முகூர்த்த நாளில் இன்ஜினியர் எங்களை அழைத்துவந்து கூட்டத்தைக் காட்டினார்.

"பாருங்க, நிக்கவே இடமில்ல!"

இலைக்கூடையோடு போன இலைக்கணக்கர் நின்றார். "இன்னா சார் எடமில்ல? உள்ள நாக்காலியெல்லாம் காத்து வாங்குது. அல்லாரும் பந்திக் கதவாண்ட நிக்கிறாங்க."

"ஏன்?" என்றார் குழுத்தலைவர்.

"மொதப் பந்தியோட வடை தீந்துடுமே!"

"நாளைக்கு மாநாடு வந்தா?" என்று மடக்கினார் இன்ஜினியர்.

"கல்யாணம் இல்லாத ஆடியில வௌவாலுதான் வருது. மாநாடா வரும்?"

இன்ஜினியர் சிரித்தார், குழுத்தலைவர் சிரிக்கவில்லை. முடிவு அடுத்த முகூர்த்தம் வரை தள்ளிவைக்கப்பட்டது.

அம்முகூர்த்தத்துக்கு இலைக்கணக்கர் சமையல்காரரைக் கெஞ்சி உளுந்தைக் கூடுதலாக ஊறவைத்தார். நாதஸ்வரம் ஓய்ந்த கணத்தில் மைக்கைப் பறித்தார்: "கடைசிப் பந்தி வரிக்கும் வடை கீது! அல்லாரும் உள்ள குந்துங்கபா!"

கதவை அடைத்திருந்த கூட்டம் கரைந்து உள்ளே வந்து அமர்ந்தது. அதன் பின்னும் பின்வரிசை இரண்டு காலியாகவே இருந்தன. மணமக்களின் முகத்தை ஊரார் அன்றுதான் முழுமையாகக் கண்டனர். விரிவாக்கம் கைவிடப்பட்டது, பெரிய வாணலி ஒன்று வாங்க ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

"என் பூக்களைக் காத்தீரே!" என்று அவர் கையைப் பற்றிக்கொண்டேன்.

"பூவா? நா எலையத்தான் எண்ணுனேன் ஐயா" என்று நகர்ந்துவிட்டார்.

கடைசி இலையையும் எடுத்த பிறகே அவர் உண்ண அமர்வார். அன்று எல்லாப் பந்திக்கும் எட்டிய வடை, அவர் இலைக்கு மட்டும் எட்டவில்லை.

இப்போதெல்லாம் நானும் அவரோடுதான் உண்கிறேன். முன்கூட்டியே கேட்டு வாங்கிவைத்த வடை ஒன்று, அவர் தண்ணீர் எடுக்கத் திரும்பும் வேளையில் என் இலையிலிருந்து அவர் இலைக்குப் போய்விடும். ஊரார் இலையெல்லாம் எண்ணும் அம்மனிதர், தம் இலைக்கு அது வந்த கணக்கை மட்டும் இன்றுவரை கேட்டதில்லை.