ஓட்டைக் கூரை சர்க்காருடையது

பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கே திரும்பினாலும் பனைமரம். அதற்கு அடுத்தபடி எய்டட் பள்ளிக்கூட மானேஜர். பனைக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. இந்த இனத்துக்குச் சர்க்கார் ஊற்றுகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள்: வெள்ளை ஜிப்பா, மடித்த குடை, வாய் நிறைய "என் ஸ்கூல்". வாத்தியாரை வேலைக்கு வைக்கும்போது என் ஸ்கூல், பிள்ளைகளிடம் பீஸ் வாங்கும்போது என் ஸ்கூல், ஆண்டு விழாவில் மாலைக்குக் கழுத்தை நீட்டும்போது சந்தேகமே வேண்டாம், என் ஸ்கூல். மழையில் கூரை ஒழுகி, எட்டாம் வகுப்பு முழுக்கக் குடை பிடித்துக்கொண்டு கணக்குப் போடும்போது மட்டும், "சர்க்கார் ஸ்கூலுங்க, கிராண்ட் வரட்டும்!" கிராண்ட் பணமும் வரும். கூரையும் ஒழுகும். ராஜ்யம் பிரிந்து நாமெல்லாம் கேரளத்துக்காரர்கள் ஆனோமே, மானேஜர் மாறினாரா?

எங்கள் ஊருக்கு வாய்த்தவர் ரத்தினசாமி. பீஸ் கட்டவில்லை என்று வெற்றிலைக் கடை ஐசும்மாவின் மகள் ருக்கியாவை ஒரு திங்கட்கிழமை வீட்டுக்கு விரட்டினார். நன்றாகப் படிக்கிற பெண். அழுதுகொண்டே போனாள். மறுநாளே தலையெண்ண இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். ருக்கியாவின் எட்டாம் வகுப்பில், வேண்டிய எண்ணிக்கைக்கு ஒரு தலை குறைந்தது. குறைந்தால் வகுப்பு போச்சு, அதற்கான கிராண்டும் போச்சு. இன்ஸ்பெக்டருக்கு இளநீர் வெட்டச் சொல்லிவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் கடைக்கு ஓடினார் மானேஜர்.

"ஏனுங்க ஐசும்மா, புள்ளைய வெரசா அனுப்பி வைங்க!"

ஐசும்மா வெற்றிலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டே கேட்டாள். "நேத்து உங்க ஸ்கூலுன்னீங்க. இன்னைக்கு யாருதுங்க?"

"சர்க்காருதுங்க! எல்லாத்துக்கும் பொதுவுங்க!"

"அப்படீங்களா? பொதுவுக்குப் பீஸ் எதுக்குங்க?"

மானேஜர் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே இன்ஸ்பெக்டருக்கு இரண்டாவது இளநீரும் தீர்ந்திருக்கும். ஐசும்மா பாக்குப் பொட்டலம் கட்டும் காகிதத்தில் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"எம் புள்ள படிச்சு முடிக்கிற வரைக்கும் பீஸ் இல்லைன்னு எழுதிக் குடுங்க."

கையெழுத்து விழுந்த பிறகுதான் ருக்கியா படியிறங்கினாள். அவளுடைய புத்தகக் கட்டை மானேஜரே தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன கோடையில் தெருக் கிணற்றில் அடுத்தவரைத் தள்ளிவிட்டு, "நம்ம கிணறு" என்று குடம் குடமாக இறைத்தீர்களே, அதன் ராட்டினம் உடைந்த அன்றைக்கு அது யார் கிணறு என்றீர்கள்? பஞ்சாயத்துக் கிணறு! உங்களுக்கு இன்னும் ஜிப்பா தைக்கவில்லை, அவ்வளவுதான்.