ஐந்து ரூபாய்க்குப் பதினெட்டுத் தட்டு

தென்னாற்காடு ஜில்லா முழுவதிலும், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஐந்து ரூபாய் கேட்டுவிட்டு உதை வாங்காமல் நடமாடிய ஒரே மனிதர் செஞ்சி பதினெட்டுத் தட்டுக்காரர்தான். நான் சொல்வது அறுபதுகளின் கதை. முக்கால் ரூபாய் கொடுத்தால் இலை போட்டு, 'போதும், போதும்' என்று கையால் மறிக்கிற வரைக்கும் சோறு போட்ட காலம். ஐந்து ரூபாய்க்கு இரண்டு கோழியை உயிரோடு வாங்கி வீட்டுக்குக் கொண்டு போகலாம். அந்த ஊரில், அந்தக் காலத்தில், இவர் கடை வாசலில் 'சாப்பாடு ரூ. 5. பேரம் கிடையாது' என்று பலகை மாட்டி வைத்திருந்தார்.

அவருடைய சொந்தப் பெயர், ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். மற்றவர்களுக்கு அவர் பதினெட்டுத் தட்டு. சித்திரை வெயிலில் பாறையெல்லாம் அடுப்பாகக் கொதிக்கும்போதுகூடக் கறுப்புக் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் கடையில் நிற்பார். ஆலந்து தேசத்திலிருந்து அவர் கொண்டு வந்த ஒரே ஆஸ்தி அந்தக் கோட்டு. ஹாலந்துக்கு எங்கள் ஊர் வாயில் ஆலந்து என்று பெயர்.

அவர் சொன்ன கதை இதுதான். இளவயதில் புதுச்சேரியில் ஒரு கப்பலில் பாத்திரம் தேய்க்க ஏறினார். ஆலந்தில் இறங்கினார். அங்கே ஜாவாக்கார அம்மா ஒருத்தி நடத்திய ஓட்டலில் தட்டுக் கழுவப் போய், பிறகு அடுப்புக்கு உயர்ந்தார். நடுவில் சோறு, சுற்றிலும் சின்னச் சின்னத் தட்டுகளில் பதினெட்டு வகை, தட்டு ஆறாமல் இருக்க அடியில் மெழுகுவர்த்தி. பில்லைப் பார்த்தால் வெள்ளைக்காரனே பெருமூச்சு விடுவானாம். அப்படிப் பெருமூச்சு விட வைப்பதுதான் நல்ல ஓட்டலுக்கு அழகாம்.

ஊரில் பாதிப் பேர் இதை நம்பவில்லை. "பாண்டிச்சேரி பீச்சுல கப்பலப் பாத்துட்டு பஸ் ஏறி வந்துட்டான்" என்றார்கள். மீதிப் பாதிப் பேருக்கு ஜாவா எந்தப் பக்கம், ஆலந்து எந்தப் பக்கம் என்றே தெரியாது. ஜாவாக்காரன் சாப்பாட்டை ஆலந்துக்காரனுக்குச் சமைத்துப் போட செஞ்சிக்காரன் எதற்கு என்று நான் ஒருநாள் கேட்டேன். அவர் ஒரு மணி நேரம் பொறுமையாக விளக்கினார். கேட்பதற்கு முன்னால் எனக்குக் கொஞ்சம் புரிந்திருந்தது.

நான் அப்போது மல்லாட்டை மண்டியில் குமாஸ்தா. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. அவர் வீட்டு மாடி அறையில்தான் வாடகைக்கு இருந்தேன். வீடு அவர் மனைவி மேரியக்காவுக்கு அவள் நைனா எழுதிக் கொடுத்தது. தெருவைப் பார்த்த முன்பகுதியை நடுவில் ஒரு மூங்கில் தட்டி இரண்டாகப் பிரித்தது. தட்டிக்கு இந்தப் பக்கம் மேரியக்காவின் இட்லிக் கடை. ஒரு இட்லி ஆறு பைசா. விடிந்தால் தெரு வரைக்கும் கூட்டம். தட்டிக்கு அந்தப் பக்கம் பதினெட்டுத் தட்டும், மெழுகுவர்த்திகளும், அவரும்.

அந்தப் பக்கம் முதலில் எட்டிப் பார்த்த ஆள், உள்ளே வரிசையாக மெழுகுவர்த்தி எரிவதையும் கறுப்புக் கோட்டில் ஒருவர் கைகட்டி நிற்பதையும் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டான்: "எப்ப எடுக்கறாங்க?"

சாமான்கள் விஷயம் இன்னும் மோசம். ஜாவா இஞ்சி என்று ஒன்று வேண்டுமாம். நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தை வாங்கி அரைத்து ஊற்றினார். "சளி மருந்த கொழம்புல போட்டுட்டு அஞ்சு ரூபா கேக்கறான், இருமல் இருக்கறவன் மட்டும் போங்கடா" என்று ஊர் பேசியது. கறித்துண்டுகளைத் தென்னங்குச்சியில் கோத்து நெருப்பில் சுட்டார். அது ஜாவாவில் ராஜபோஜனமாம். தென்னங்குச்சியை எங்கள் ஊர் வேறு ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பார்த்திருந்தது. துடைப்பக்கட்டையில் கறி சுடுகிறான் என்ற செய்தி திண்டிவனம் பஸ்ஸில் ஏறி எங்கெங்கோ போய்விட்டது.

மேல்சித்தாமூர் நயினார் ஒருவர், மண்டிக்கு மூட்டை கொண்டு வந்த பெரிய வியாபாரி, சமண சமயத்தவர், பொழுது சாயுமுன் சாப்பிட்டுவிட வேண்டும் என்று ஒருநாள் உள்ளே போனார். கறி, முட்டை, கருவாடு, வெங்காயம், பூண்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு ஒதுக்கினார். கடைசியில் வறுத்த தேங்காய்ப் பொடியும் பொரித்த வாழைப்பழமும் மட்டும் மிஞ்சின. சாப்பிட்டு முடித்து விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"பதினெட்டு தட்டு அஞ்சு ரூபா. எனக்குத் தேறினது ரெண்டு. அம்பத்தஞ்சர பைசா ஆவுது. நீ கோட்டெல்லாம் போட்டுக்கினு நிக்கற. அறுவதா வெச்சுக்க."

அடுத்து வந்தவர் வல்லத்துக்காரர். மேடான் பக்கம் புகையிலைத் தோட்டத்தில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டுத் திரும்பியவர். இந்தோனேசியாவை நேரில் பார்த்த ஒரே செஞ்சித் தாலுகாக்காரர் என்பதால் இவர் வாய்ச்சொல்லுக்காக ஊரே காத்திருந்தது. அவர் ஒவ்வொரு தட்டிலும் விரலை வைத்து நக்கிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது, எல்லாம் இனிக்குது? அங்க வாயில வெச்சா உச்சி மயிரு நட்டுக்கும். நான் இத்தினி வருசம் இருந்தேன், இத ஒருநாளும் துன்னதில்ல."

"நீ தோட்டத்துல துன்ன. இது ஆலந்து ஓட்டல்ல போடறது. அவங்க நாக்கு ஒரப்பு தாங்காது. அதுக்குத்தான் சக்கர."

"அப்ப இது ஜாவா சாப்பாடு இல்ல."

"ஜாவா சாப்பாடுதான். அசல்."

"நான் அசலத் துன்னவன், இல்லங்கறேன். நீ யாரு அசலுங்கறதுக்கு?"

"அசலுக்கு அங்க காசு குடுத்தாங்கய்யா! உனக்குக் காசு குடுத்து எவனாவது துன்னானா?"

வல்லத்துக்காரர் அசலை விட்டுவிட்டார். அவர் விலையைப் பிடித்துக்கொண்டார். ஐந்து ரூபாய் எந்த ஊர் நியாயம் என்றார்.

"ஜாவாவுல இருந்து ஆலந்துக்கு ஒரு கப்பல், ஆலந்துல இருந்து இங்க ஒரு கப்பல். கப்பல் சார்ஜு யார் குடுக்கறது?"

"அரிசி செஞ்சி அரிசி. மல்லாட்ட எங்கூரு மல்லாட்ட. எதுய்யா கப்பல் ஏறுச்சு?"

"நான் ஏறினேன் இல்ல?"

அன்றைக்கும் காசு வரவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் மேரியக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இட்லிக் கூட்டம் வெயிலில் நிற்கிறது. பாதி வீடு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காலியாகக் கிடக்கிறது. அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"யோவ், மாதா கோயில் தேரு வரைக்கும் டைம். அதுக்குள்ள எவனாவது ஒருத்தன் முழுசா துன்னுட்டு, முழுசா அஞ்சு ரூபா வெச்சுட்டுப் போனா அந்தப் பக்கம் உன்னுது. இல்லன்னா தட்டியப் பிரிச்சு அடுப்புல வெச்சுருவேன்."

அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து கோட்டுக்குள் ஆள் சுருங்கிவிட்டார். கடை போனால் ஆலந்தும் போய்விடும். பிறகு அவர் வெறும் இட்லிக்காரி புருஷன். அவர் கப்பல் ஏறியதற்கு அந்தப் பதினெட்டுத் தட்டைத் தவிரச் சாட்சி இல்லை. எனக்கு மனசு கேட்காமல், சம்பளம் வாங்கிய அன்று ஐந்து ரூபாயோடு போய் உட்கார்ந்தேன். அவர் என்னைக் கையைப் பிடித்து எழுப்பினார்.

"நீ பாவம் பாத்துத் துன்ன வந்துருக்க தம்பி. அது கணக்குல வராது. போய் அக்கா கிட்ட இட்லி சாப்டு."

தேருக்கு நான்கைந்து நாள் இருக்கும்போதுதான் அந்தக் கார் வந்தது. புதுச்சேரியிலிருந்து செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வந்த வெள்ளைக்காரத் தம்பதி. ராஜகிரி ஏறி இறங்கி, முகமெல்லாம் தக்காளியாகச் சிவந்து, கடைவீதியில் சாப்பாட்டுக்கு அலைந்தார்கள். பலகைக்குக் கீழே அவர் கரிக்கட்டியால் ஆலந்து மொழியில் எழுதியிருந்ததை அந்த அம்மாள் படித்துவிட்டு ஒரு கத்துக் கத்தினாள். பதினெட்டுத் தட்டு வெளியே ஓடி வந்தார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

ஊர் கூடிவிட்டது. "டேய், நெசமாவே ஆலந்து பேசறான்டா" என்றான் ஒருவன். "அது ஆலந்துதான்னு உனக்கு எப்புடிரா தெரியும்?" என்றான் இன்னொருவன். யாருக்கும் தெரியாது. அந்த மொழியில் சாட்சி சொல்லக்கூடிய ஒரே செஞ்சிக்காரர் அவர்தான்!

அவர் சமைக்க ஆரம்பித்தார். பதினேழு தட்டுகள் ஆயின. பதினெட்டாவது மல்லாட்டைக் குழம்பு. சுட்ட கறியை முக்கித் தின்பதற்கான, மொத்தச் சாப்பாட்டுக்கும் தலைமையான தட்டு. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொள்ள அவர் திரும்பிய நேரத்தில் அது அடிப்பிடித்துக் கருகிவிட்டது. மண்டியிலிருந்து ஓடிவந்து வாசலில் நின்றிருந்த என் மூக்குக்கே தெரிந்தது.

அவர் தட்டியில் சாய்ந்து நின்றார். "பதினேழு வெச்சா அது அசல் இல்ல. போவச் சொல்லிடறேன்" என்றார். நிஜமாகவே அவர்களிடம் போய்க் கையைக் கூப்பத் தயாராகிவிட்டார்.

தட்டி ஓரத்தில் ஒரு கை நீண்டது. கையில் ஒரு கிண்ணம். மேரியக்காவின் இட்லிக்கு ஊற்றுகிற மல்லாட்டைச் சட்னி. மேலே ஒரு வெல்லக்கட்டி.

"இத வெல்லத்தோட கலக்கி வை."

"இது நம்ம சட்னி மேரி. அசல் இல்லியே."

"அவங்களுக்கு இன்னா தெரியும்? வைய்யா முதல்ல!"

தேர் வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பாதி வீடு அவள் கைக்கு வந்திருக்கும். அந்தக் கிண்ணத்தை அவள் ஏன் நீட்டினாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. கல்யாணம் ஆன பிறகு கொஞ்சம் விளங்கியது.

மெழுகுவர்த்திகள் எரிந்தன. அவர்கள் சாப்பிட்டார்கள். துரை எல்லாத் தட்டையும் வழித்தார். அந்த அம்மாள் கறியை மல்லாட்டைக் கிண்ணத்தில் தோய்த்து வாயில் வைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. காரமா, துக்கமா, நாங்கள் போலீசைக் கூப்பிட வேண்டுமா என்று ஒன்றும் புரியவில்லை. பிறகு அவள் கிண்ணத்தைக் காட்டிக் காட்டி நெடுநேரம் பேசினாள். பதினெட்டுத் தட்டின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. துரை ஐந்து ரூபாயை இரண்டு முறை எண்ணி, இது போதுமா என்பதுபோல் பார்த்து, இரண்டு பேருக்குமாகப் பத்து ரூபாய் வைத்தார்.

கார் போனதும் ஊர் அவரைச் சூழ்ந்துகொண்டது. "அந்தம்மா இன்னா சொல்லிச்சு?"

அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். 'இந்த மாதிரி அசல் ஆலந்திலேயே கிடையாது' என்று சொல்லியிருந்தால், மறுத்துப் பேச எங்களில் ஒரு ஆள் கிடையாது. அவர் தட்டியின் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்:

"அந்தம்மா பொறந்ததே ஜாவாவுலயாம். ஆலந்து ஓட்டல்ல போடறதெல்லாம் டூப்பாம், அங்க போயி காசக் கொட்டிக் கொட்டி ஏமாந்துச்சாம். சின்ன வயசுல அவங்க வூட்டு சமையக்காரி செஞ்ச ருசிய இன்னிக்குத்தான் திரும்பப் பாத்துச்சாம். பதினேழு தட்டு நான் செஞ்சேன். அதுல ஒண்ணும் இல்ல. மேரி, உன் சட்னிதான் அசலாம்."

தட்டிக்கு அந்தப் பக்கம் இட்லிப் பானையின் மூடி ஒன்று கீழே விழுந்தது. பிறகு மேரியக்கா, "அடுப்புல இட்லி இருக்குது, கத்தாத" என்றாள்.

ஊருக்கு அன்றும் தீர்ப்புக் கிடைக்கவில்லை. "பொண்டாட்டிக்கு பயந்துக்கினு மாத்திச் சொல்றான்டா" என்று ஒரு கட்சி. "பொய் சொல்றவன் தனக்கு நல்லதா சொல்ல மாட்டானா?" என்று மறு கட்சி. பந்தயத்தில் அவர்தான் ஜெயித்தார். ஜெயித்தது அவள் சட்னியால். அப்படியானால் பாதி வீடு யாருக்கு என்று நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, மறுநாள் விடியற்காலையில் அவரே தட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். மேரியக்கா அதை அடுப்பில் வைக்கவில்லை. வெயிலில் நிற்பவர்களுக்கு நிழலாக வாசலில் சாய்த்துக் கட்டச் சொன்னாள்.

அதன் பிறகு அங்கே ஒரே கடைதான். கோட்டுப் போட்டுக்கொண்டு அவர் இட்லி எடுத்து வைப்பார். பலகையில் 'ஜாவா சட்னி' என்று ஒரு வரி சேர்ந்தது. இட்லிக்கு இரண்டு பைசா கூட. எதற்கு என்று கேட்டால், "கப்பல் சார்ஜு" என்பார். தினமும் அதே சட்னியைத் தின்ற ஆட்கள் வாயை மூடிக்கொண்டு கொடுத்தார்கள். வல்லத்துக்காரர்கூட இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டு, "இது கொஞ்சம் கிட்ட வருது" என்றார்.

என் மகன் இப்போது ஆலந்தில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போனபோது, அப்பாவுக்குப் புதுசாக ஏதாவது வாங்கித் தர வேண்டும் என்று ஓர் இந்தோனேசிய ஓட்டலுக்கு அழைத்துப் போனான். நடுவில் சோறு, சுற்றிலும் சின்னத் தட்டுகள், அடியில் மெழுகுவர்த்தி. தென்னங்குச்சி இல்லை, மூங்கில் குச்சி. மல்லாட்டைக் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லாத்தான்டா இருக்கு. ஆனா அசல் இல்ல."

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். பில் வந்ததும் அதைவிட விநோதமாக பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "குடுடா, கப்பல் சார்ஜு" என்றேன். அவன் பணம் கட்டப் போனான். நான் மட்டும் சமையற்கட்டின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது திறந்த ஒவ்வொரு முறையும், கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் வெளியே வந்து என் கையைப் பிடித்து எழுப்பிவிட மாட்டாரா என்று இருந்தது.