முப்பத்தெட்டு விநாடித் தோல்வி

அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். இறுகிக் கிடந்த மூடி. பல்லைக் கடித்துக்கொண்டு திறந்து, நிமிர்ந்து பார்ப்பதற்குள் கணவன் தோற்றுவிட்டிருந்தான்.

"என்ன ஆச்சு?" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டாள்.

"முடிஞ்சிருச்சும்மா. அவன் கழுத்தைப் பிடிச்சான், இவன் தட்டிட்டான். முப்பத்தெட்டு செகண்டு. எல்லாம் செட்டப்பு."

கூண்டுக்குள் நடக்கும் அந்தச் சண்டையில் குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் உண்டு. பிடி தாங்க முடியாதவன் எதிராளியின் உடம்பில் கையால் தட்டினால், தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அவள் கணவன், பதினோரு வருடமாகச் சண்டை போடுகிறவன், 'இரும்பு' என்று பட்டப்பெயர் எடுத்தவன், பிடி விழுந்த மறுநொடியே தட்டியிருந்தான். ஜெயித்த எதிராளி 'குன்று' கூடக் கையை உயர்த்த மறந்து, பஸ்ஸைத் தவறவிட்டவன் போல நின்றான்.

மறுநாள் அந்த முப்பத்தெட்டு விநாடி எல்லார் போனிலும் ஓடியது. மூன்றாம் நாள், இந்தச் சண்டைகளை நடத்தும் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை விசாரணை. வேண்டுமென்றே தோற்றது உறுதியானால் ஆயுள் தடை. சண்டை போடக் கூடாது. யாருக்கும் பயிற்சி கொடுக்கவும் கூடாது. இரும்புக்கு வேறு எதுவும் தெரியாது. ஒரு பல்பு மாற்றக்கூட அவள்தான் நாற்காலியில் ஏற வேண்டும்.

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. நிஜமாத்தானே தோத்தீங்க?"

"நிஜமாத்தான் தோத்தேன்."

"ஏன் அவ்வளவு சீக்கிரம் தட்டினீங்க?"

அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கக் கிளம்பினான்.

"சரி, சொல்ல வேண்டாம். நீங்க நிஜமா தோத்தீங்கன்னு நான் நிரூபிச்சே தீருவேன்."

புருஷன் ஜெயித்ததைச் சொல்லித் திரிகிற மனைவிகளை அவள் பார்த்திருக்கிறாள். தோற்றதற்கு ஆதாரம் தேடி அலைகிற வேலை தனக்குத்தான் வாய்த்தது என்று நினைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. இரும்பைக் கூட்டிப் போய், கழுத்தை நான்கு பக்கமும் திருப்பிப் படம் எடுத்து, டாக்டரிடம் நீட்டினாள்.

"கழுத்தா இது! பாடப்புத்தகத்துல போடலாம்," என்றார் டாக்டர்.

"நல்லாப் பாருங்க டாக்டர். ஒரு வீக்கம், ஒரு சின்னப் பிசகு?"

"ஏம்மா, புருஷன் நல்லா இருக்கறதுல உனக்கென்ன வருத்தம்?"

'மிகச் சிறந்த நிலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை மடித்து மறைப்பதற்குள் இரும்பு அதைப் படம் பிடித்து நண்பர்கள் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டான். சாயங்காலமே ஊர் முழுக்கச் செய்தி: பிடிபட்ட கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லையாம்.

"அதை ஏங்க அனுப்புனீங்க?"

"பாடப்புத்தகத்துல போடலாம்னு சொன்னாரே!"

அவள் தலையில் கை வைத்தாள். இரண்டு நிமிடம்தான். பிறகு குன்றுக்குப் போன் போட்டு வீட்டுக்கு வரச் சொன்னாள். பிடித்தவனே வந்து 'இறுக்கித்தான் பிடித்தேன்' என்று எழுதிக் கொடுத்தால் யார் என்ன பேச முடியும்?

குன்று வந்தான். சோபாவின் ஓரத்தில், முழுதாக உட்காரலாமா வேண்டாமா என்பது போல உட்கார்ந்தான்.

"உண்மையை மட்டும் எழுதுங்க தம்பி. கூட ஒண்ணும் சேர்க்க வேண்டாம்."

"உண்மையையா அக்கா?" கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். வெகுநேரம் யோசித்து ஒரே வரி எழுதினான்: 'நான் ஒன்றுமே செய்யவில்லை. அவராகவேதான் தட்டினார்.'

"என்ன தம்பி இது! நான் குழி மூடக் கூப்பிட்டா நீங்க ஆழமா வெட்டறீங்க!"

"நீங்கதானே அக்கா உண்மையைக் கேட்டீங்க?"

போதாக்குறைக்கு இரும்பு, விருந்தாளியை வழியனுப்பும் மரியாதையில், அவன் தோளில் கை போட்டு வாசல் வரை நடந்தான். மாடி வீட்டுக்காரர் அதைப் போனில் பிடித்துவிட்டார். படத்தில் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நெருங்கிய சொந்தக்காரர்கள் போல இருந்தார்கள்.

வியாழக்கிழமை மாலை, அவனைக் கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அவள் நேராக அவன் பயிற்சி கொடுக்கிற கூடத்துக்குப் போனாள். உள்ளே புது ஆட்கள் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஒருத்தர் ஒருத்தராக வந்து இரும்பின் கழுத்தைப் பிடித்தார்கள். பிடி சரியாக விழுந்ததும் இரும்பு தட்டினான். "அப்படித்தான். அடுத்த ஆள்." மறுபடி தட்டல். "அப்படித்தான். அடுத்த ஆள்."

அவள் கேள்வித்தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை தட்டுவீங்க?"

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். "நூறு இருக்கும்."

"அப்ப அன்னிக்கு?"

"அவன் ரொம்ப சுத்தமாப் பிடிச்சுட்டான். கை தானாத் தட்டிருச்சு." துண்டுக்குள்ளிருந்து குரல் இன்னும் இறங்கியது. "'அப்படித்தான், அடுத்த ஆள்'னு வேற சொல்லிட்டேன்."

சிரிப்பு தொண்டை வரை வந்தது. விழுங்கினாள்.

"நாளைக்கு இதைச் சொல்லிடலாம்."

"வேண்டாம்! ஏமாத்துக்காரன்னு சொன்னாக்கூடத் தாங்கிக்குவேன். கேனையன்னு சொன்னாத் தாங்க மாட்டேன்."

"நீங்க தாங்க வேண்டாம். அதை நான் தாங்கிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை, சங்கத் தலைவர் எக்ஸ்ரே அறிக்கையைப் படித்தார், குன்றின் ஒற்றை வரியைப் படித்தார், மாடி வீட்டுக்காரர் எடுத்த படத்தையும் பார்த்தார். மூன்றையும் அடுக்கி மேலே கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இதுக்கு மேல என்னம்மா இருக்கு?"

"அவர் கழுத்து இருக்கு சார். நீங்களே பிடிச்சுப் பாருங்க."

தலைவர் ஒரு காலத்தில் மல்யுத்தக்காரர். எழுந்து வந்து பிடித்தார். இரும்பு தட்டவில்லை. கையை முஷ்டியாக மடக்கி, பிடிவாதமாக நின்றான். செயலாளர் தடை உத்தரவை எழுதப் பேனாவைத் திறந்தார்.

நல்லவேளை, தலைவரின் பிடி கோணலாக இருந்தது. இரும்பால் அதைப் பொறுக்க முடியவில்லை.

"முழங்கை இன்னும் உள்ள போகணும் சார்."

தலைவர் உள்ளே தள்ளினார். பட்பட்டென்று இரண்டு தட்டு. "அப்படித்தான். அடுத்த ஆள்!"

பிறகு செயலாளர் பேனாவை மூடிவிட்டு வந்து பிடித்தார். தட்டல். கடிதம் டைப் அடிக்கிற அம்மா பிடித்தார். தட்டல். தலைவர் இன்னொரு முறை பிடிக்க ஆசைப்பட்டு மறுபடி வரிசைக்கு வந்தார்.

'சந்தேகத்துக்கு இடமில்லாத, கலப்படமற்ற தோல்வி' என்று தீர்ப்பு எழுதினார்கள். முத்திரையும் குத்தினார்கள்.

அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். வராந்தா பெஞ்சில் குன்றின் மனைவி, தூங்குகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் போல இருந்தது.

"உன் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்மா. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார்."

"அட நீங்க வேறக்கா!" என்றாள் அந்தப் பெண், குழந்தை விழித்துவிடாமல் குரலைத் தாழ்த்தி. "ரெண்டாவது ரவுண்டுல தோத்துடறேன்னு யார்கிட்டயோ காசுக்கு ஒத்துக்கிட்டு வந்ததே எங்க வீட்டுக்காரருதான், அந்த மனுஷனைத் தோக்கவே விடலையே உங்க வீட்டுக்காரரு!"