மாதா தட்டில் ஒரு சீனக் கல்

இதை எனக்கு முதலில் சொன்னது ஜிஷா. 2006 கிறிஸ்துமஸ் கழிந்த வெள்ளிக்கிழமை, சார்ஜாவில் பூசை முடிந்து ரோலா பக்கம் போகும் பஸ்ஸுக்கு நின்றபோது. அவள் நர்ஸ். வீட்டுக்காரர் கிளிட்டஸ் ஏசி மெக்கானிக். இருவருக்கும் ஒரே ரூம், அதில் ஒரே ஒரு சுவர்த்தட்டு. மாதா சொரூபம் இருந்தது அதில்தான்.

கிளிட்டஸின் மேனேஜர் சென், சீனாக்காரர். மேசையில் ஓட்டையும் சுருக்கமுமாக ஒரு கல் வைத்திருப்பார். அவர்கள் ஊரில் படித்தவர்கள் இப்படிக் கல்லை மரப்பீடத்தில் வைத்து, மலையாக நினைத்துப் பார்ப்பார்களாம். பார்த்துப் பார்த்துக் கிளிட்டஸுக்கும் ஆசை வந்து, துபாய் தேராவில் ஹபீப் முகம்மது கடையில் ஒன்று வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் யோசனை வந்தது. ஜிஷாவிடம் என்ன சொல்ல?

"மேனேஜருக்க கல்லு பிள்ள. லீவுல போறாரு. பத்திரமா வைக்கச் சொன்னாரு."

"அதுக்கு மாதாவை ஏன் பிரிட்ஜ் மேல ஏத்துனீங்க?"

"அவரு வாற வரைக்கும்தான்."

தினமும் கல்லுக்குத் தண்ணீர் தெளிப்பார். ஜெபம் சொல்லும்போதும் கண் அந்த ஓட்டையில்தான். பிரிட்ஜ் ஓடும்போதெல்லாம் மாதா நடுங்குவாராம். எப்போது விழுவாரோ என்று ஜிஷாவுக்குத் தூக்கமே போனது.

ஒருநாள் சொன்னாள்: "உங்க மேனேஜர் லீவு முடிஞ்சு வந்துட்டாராமே. கிறிஸ்துமஸுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன்."

ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கிளிட்டஸுக்கு வேர்த்துவிட்டது.

"அவரு மீன் சாப்பிட மாட்டாரு."

"சீனாக்காரரா?"

"அன்னைக்கு எனக்கு டூட்டி."

"டூட்டி போடுறவரே இங்க இருப்பாரு."

சென் வந்தார். மீன் தலையை ருசித்துச் சாப்பிட்டார். அவர் கிளம்ப எழுந்தபோது ஜிஷா கல்லைப் புதுத் துண்டில் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள். "உங்க கல்லு சார்" என்றாள் இங்கிலீஷில்.

"எனக்கா?"

கிளிட்டஸ் வாயைத் திறந்தார். இல்லை என்றால் பொய் வெளிவரும். ஆமென்றால் கல் போகும். தலை தானாக ஆடியது. சென் கண்கலங்கி அவரைக் கட்டிக்கொண்டார்.

கதவு சாத்தியதும் ஜிஷா மாதாவை இறக்கித் தட்டில் வைத்தாள்.

"போன மாசமே கடைக்குப் போனப்ப ஹபீப் பாய் கேட்டாரு, கல்லு வீட்டுல அழகா இருக்கான்னு. நீங்க சொன்ன பொய்யை உண்மையாக்கிட்டேன். சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்ல இனி ஒரு பாவம் குறைவு."

இப்போது மேனேஜர் மேசையில் இரண்டு கல். தூசி தட்டுவது கிளிட்டஸ்தானாம். நல்ல மனுஷன், பாவம். நீங்கள் அவரைப் பார்த்தால், கல்லைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.