மாம்பழ ஃபேக்டரியின் பர்மனென்ட்

வேலையில் சேர்வதற்கு முன்பே சீனியாரிட்டி வாங்கிய ஆள் ஆந்திரா, தமிழ்நாடு, கர்நாடகா மூன்று மாநிலத்துக்கும் சேர்த்து ஒருத்தன்தான். அவன் பெயர் பர்மனென்ட். அப்பா அம்மா வைத்த பெயர் காலேஜ் ரிஜிஸ்டரில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான், விடுங்கள்.

சித்தூரில் டிகிரி படித்த எங்களுக்குக் கடைசி செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப். வகுப்பு கிடையாது, ஏதாவது ஒரு கம்பெனிக்குப் போய் வேலை பழக வேண்டும். 'பையன் ஒழுங்காக வந்து வேலை பார்த்தான்' என்று அங்கே சர்டிஃபிகேட் கொடுத்தால்தான் டிகிரி. எங்கள் வகுப்பில் நாலு பேரை ஊருக்கு வெளியே ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் போட்டார்கள். நான் நகரிப் பையன். அவன் வரதய்யபாளையம் பக்கம்.

"நல்லா செஞ்சா முடிவுல ஒருத்தர வேலைக்கு எடுத்துப்போம்" என்று மேனேஜர் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். நாங்கள் மூன்று பேரும் நிமிர்ந்து நின்றோம். பர்மனென்ட் மட்டும், இந்த மூன்று பேரில் யாரை எடுக்கலாம் என்பது போல எங்களை ஏற இறங்கப் பார்த்தான்.

அன்று நாங்கள் போனது ஆளுக்கொரு பையோடு. அவன் வந்தது டேபிள் ஃபேன், வெங்கடாசலபதி படம், நாற்காலிக்குப் போடும் மெத்தை, அடுக்கு டிஃபன் கேரியர் சகிதம். லேப் மூலையில் யாரோ விட்டுப்போன மேஜை ஒன்று இருந்தது. அதைத் துடைத்து, படத்தை வைத்து, தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினான். அந்தப் பக்கமாக வந்த மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தேங்காய்ச் சில்லு ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார். உன்னை யாரப்பா இங்கே உட்காரச் சொன்னது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. கற்பூரம் காட்டிய இடத்தைக் காலி பண்ணச் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

எங்கள் வேலை பெரிய வேலை ஒன்றுமில்லை. வருகிற லோடிலிருந்து பழம் எடுத்து, பிழிந்து, இனிப்பு எவ்வளவு என்று கருவியில் பார்த்துச் சொல்ல வேண்டும். மிச்ச நேரத்தில் கண்ணாடிக் குடுவை கழுவ வேண்டும். பர்மனென்ட்டும் குடுவை கழுவுவான். ஆனால் அவன் கழுவும்போது, ஆள் வராத காரணத்தால் பெரிய அதிகாரியே இறங்கி வந்து கழுவுகிறார் போலிருக்கும்.

இரண்டாம் வாரமே அக்கவுண்ட்ஸ் பக்கமிருந்து சேதி வந்தது. நான் போய்க் கேட்டேன்.

"இன்னாடா, பி.எஃப். எவ்ளோ புடிப்பீங்கன்னு கேட்டியாமே?"

"கேக்கணும்ல? பின்னாடி கஷ்டம்."

"நமக்குச் சம்பளமே கெடயாதுடா!"

"அதான் கேட்டேன். எதுல புடிப்பாங்க?"

இவன் இதைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து அக்கவுண்ட்ஸ்காரர் ரூல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாராம்.

அக்கா பிள்ளைக்குக் காது குத்து என்று கேஷுவல் லீவு எழுதிக் கொடுத்தான். எங்களுக்கு ஏது லீவு? வராவிட்டால் ஆப்சென்ட், அவ்வளவுதான். அவனுக்கு மேனேஜர் கையெழுத்துப் போட்டார். நாங்களும் ஆசையாய்ப் போய்க் கேட்டோம். "அவன் லீவு பாக்கி வெச்சினு கேக்கறான். உங்களுக்கு பாக்கி ஏது?" என்று விரட்டிவிட்டார்.

திருப்பதி ஆபீசுக்குச் சில பேரை மாற்றப் போவதாக ஒருமுறை புரளி கிளம்பியது. பர்மனென்ட்டுக்குச் சோறு இறங்கவில்லை. "இங்க இப்பதான் எல்லாத்தையும் ஒரு ஒழுங்குக்குக் கொண்டாந்துக்கினு கீறேன். இந்த நேரத்துல மாத்துனா ஃபேக்டரி இன்னாத்துக்கு ஆவும்?" என்று என்னிடம் புலம்பினான். மாற்றல் பட்டியலில் அவன் பெயர் இல்லை என்று தெரிந்ததும் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். பட்டியலில் அவன் பெயர் எப்படியடா இருக்கும்!

இப்படியே போனால் என்ன ஆகும்? வாட்ச்மேன் சல்யூட் அடிக்க ஆரம்பித்தார். பழம் பிரிக்கும் பெண்கள் அவனிடம்தான் லீவு கேட்டார்கள். அவனும் லேசில் கொடுத்துவிட மாட்டான். "போன வாரம்தானக்கா போன? சீசன்ல இப்டி போனா எப்டி?" என்று கறாராகக் கேட்டுவிட்டு, "சரி, சீக்கிரமா வந்துரு" என்பான். அந்தப் பெண்களுக்குப் பரம திருப்தி. உண்மையான சூப்பர்வைசர் இவ்வளவு பேசமாட்டாராம்.

ஒருநாள் சாப்பிடும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "டேய், நாம காலேஜ் பசங்க. இன்னும் கொஞ்ச நாள்ல போய்க்கினே இருப்போம். உனுக்கு எதுக்குடா இவ்ளோ பந்தா?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் கோபப்படவில்லை. டிஃபன் கேரியரிலிருந்து எனக்கும் கொஞ்சம் குழம்பு ஊற்றினான்.

"எங்க நைனாவுக்கு இன்டர்ன்ஷிப்புன்னா புரியலடா. பையன் கம்பெனில பர்மனென்ட்டுன்னு ஊரு பூரா சொல்லிட்டாரு. மாரியம்மன் கோயில்ல பொங்கல் வெச்சு ஆளுக்கொரு தொன்ன குடுத்துட்டாங்க. துன்னவங்க கிட்ட போயி இப்ப இன்னான்னு சொல்றது? நைனா பொய் சொன்னவரா ஆவக் கூடாதுடா."

"அதுக்கு?"

"அதுக்கின்னா, பர்மனென்ட்டு மாதிரியே வேல செஞ்சிக்கினு இருந்தா அந்த ஒரு வேலைய எனுக்கே குடுத்துருவாங்க. அப்ப நைனா சொன்னது நெசமாயிடும்ல?"

பைத்தியக்காரா என்று நினைத்தேன். ஆனால் அந்த வேலை எங்கள் மூன்று பேரையும்விட அவனுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஆனி மாதம் வந்தது. தோத்தாபுரி மாம்பழம் அந்த வருஷம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. டிராக்டர் வரிசை எங்கள் கேட்டிலிருந்து பெங்களூர் ரோடு வரைக்கும் நின்றது. அந்தச் சமயம் பார்த்துப் புது மெஷின் படுத்துக்கொண்டது. உதிரி பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும். மேனேஜரோ பையனுக்கு மொட்டை போடக் குடும்பத்தோடு திருமலைக்குப் போயிருந்தார். அவருக்கு அடுத்த பொறுப்பிலிருந்த சூப்பர்வைசர் அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்தார். மேனேஜருக்கு ஃபோன் போட்டால், ஃபோனைக் கீழே ஒப்படைத்துவிட்டு தரிசன வரிசையில் நிற்கிறார் போலிருக்கிறது, சுவிட்ச் ஆஃப். ஏழுமலையான் விடாமல் அவர் வெளியே வர முடியாது.

கேட்டில் கூச்சல். ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளா பழம் வெயில்ல வேவுது! நாளைக்கு மாடு கூட துன்னாது! பொறுப்பான ஆளு ஒருத்தர வரச் சொல்லு. இல்ல, இங்கியே கொட்டிட்டுப் போய்க்கினே இருப்போம்!"

வாட்ச்மேன் நேரே பர்மனென்ட்டிடம் ஓடி வந்தார். "சார், பொறுப்பான ஆளு வேணுமாம் சார்!"

பர்மனென்ட் எழுந்தான். ஃபிட்டர் மஸ்தான் பாயைக் கூப்பிட்டான்.

"பாய், பழைய மெஷின் லைன் ஓடுமா?"

"ஓடும் சார். சீசனுக்கு முந்திதான் சுத்தம் பண்ணி ஓட்டிப் பாத்தோம். ஆனா ஆர்டர் இல்லாம நான் கை வெக்க மாட்டேன்."

நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "வேணாம்டா. சர்டிஃபிகேட்டும் போவும், வேலயும் போவும்."

அவனுக்கும் அது தெரியும். கேட்டுப் பக்கம் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஆளு வேணும்னு கேக்கறாங்கடா. இவ்ளோ பெரிய ஃபேக்டரில ஆளே இல்லன்னா சொல்றது?" என்றான். பிறகு பாய் பக்கம் திரும்பி, "ஓட்டுங்க பாய். ஆர்டர் நான் குடுத்தேன்" என்றான்.

அப்புறம் என்ன, ஃபேக்டரி முழுக்கத் திருவிழா. நாங்கள் பழம் பார்த்தோம், பெண்கள் பிரித்தார்கள், பாய் மெஷினை விட்டு நகரவில்லை. பர்மனென்ட் ஒவ்வொரு டிராக்டராகப் போய், "தண்ணி குடிச்சீங்களா? உங்க லோடு இன்னிக்கு எறங்கிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கம்பியை உலுக்கிய பெரியவர் அவன் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். பொழுது சாயும்போது ரோட்டில் ஒரு டிராக்டர்கூட இல்லை.

மறுநாள் மேனேஜர் வந்தார். பையனுக்குத் துணையாகத் தானும் மொட்டை. சிரித்த முகத்தோடு எல்லாருக்கும் லட்டுப் பிரசாதம் கொடுத்துக்கொண்டே வந்தவர், பழைய லைன் ஓடுகிற சத்தம் கேட்டு நின்றார்.

"எவரய்யா ஆர்டர் இச்சிந்தி?" என்று கத்தினார். யார் ஆர்டர் கொடுத்தது என்று அர்த்தம். கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் மறந்துபோகும்.

"நம்ம பர்மனென்ட்டு சார்தான் சார்" என்றார் பாய்.

"அவன் சாரா? காலேஜ் பையன்யா! இன்டர்ன்!"

வாட்ச்மேன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யய்ய, நாலு மாசமா சல்யூட் அடிச்சிக்கினு இருந்தேனே!"

மேனேஜர் கெட்ட மனுஷர் இல்லை. ரூமுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் பேசினார். நானும் பக்கத்தில் நின்றேன். "கூழ் நல்லா வந்திருக்கு. அத நான் ஒத்துக்கறேன். ஆனா யார் கையாச்சும் மெஷின்ல மாட்டியிருந்தா யாருப்பா பதில் சொல்றது? ஹெட் ஆபீஸ்ல உன்ன அனுப்பச் சொல்லிட்டாங்க" என்றார்.

பர்மனென்ட் யோசித்தான். "நீங்க சொல்றது கரெக்ட்டு சார். உங்க எடத்துல நானா இருந்தாலும் அனுப்பியிருப்பேன்" என்றான். மேனேஜர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மிச்ச நாளைப் பலமனேரில் ஒரு பால் கம்பெனியில் முடிக்கக் காலேஜ் ஒப்புக்கொண்டது. அதனால் டிகிரி பிழைத்தது. வேலை போனது போனதுதான்.

சாமான்களைத் தூக்கிப் போக அவனுடைய நைனா பஸ் பிடித்து வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மகன் வேலை பார்க்கும் இடத்தை முதல்முதலாகப் பார்க்கிற பூரிப்பு. பர்மனென்ட் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஃபேன் வயரைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான்.

அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். இப்போது எல்லாருக்கும் அவன் யார் என்று தெரியும். தெரிந்துதான் வந்தார்கள். அந்த ஃபேக்டரியில் ஒருத்தரை வழியனுப்ப அவர்களுக்குத் தெரிந்தது ஒரே முறைதான். ரிடையர் ஆகிறவர்களுக்குச் செய்வது. சால்வை, ரோஜா மாலை, ஒரு சுவர்க் கடிகாரம். பழம் விற்ற விவசாயிகள் அவனை ஏற்றிப் போக டிராக்டர் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பாய் சால்வையைப் போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

நைனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் காதோரம் வந்து, "ஏம்ப்பா, இந்த வயசுலயே ரிடையர் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டார்.

நான் எதையோ சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். அதற்குள் பர்மனென்ட் முந்திக்கொண்டான்.

"நைனா, நான் பர்மனென்ட்டு இல்ல நைனா. வேல பழவ வந்த காலேஜ் பையன். தப்பு பண்ணேன்னு அனுப்பிட்டாங்க."

நைனா மகனைப் பார்த்தார். கழுத்து மாலையைப் பார்த்தார். டிராக்டர்காரர்களையும் அழுகிற பெண்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"போடா, யாருகிட்ட கத உடற?" என்றார். "நாலு நாளிக்கு வந்துட்டுப் போற பையனுக்கு இத்தினி பேரு அழுவாங்களா? நான் ஊர்ல சொன்னது சொன்னதுதான். ஏறு வண்டில."

அவன் ஏறினான். மாலையும் சால்வையுமாக, மடியில் டேபிள் ஃபேனை வைத்துக்கொண்டு அழுதுகொண்டே எல்லாருக்கும் கும்பிடு போட்டான். நானும் அழுதேன். அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை, அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன்.